தேதி இருக்கும் பக்கம்

மாத்திரைப் பட்டையை இரண்டு விதமாக வெட்டலாம். கத்தரிக்கோல் போன பக்கம் வெட்டுவது ஒரு விதம். தேதி அச்சிட்ட முனையைக் கடைசி வரை விட்டுவைத்து, எதிர்முனையிலிருந்து வெட்டிக்கொண்டே வருவது இன்னொரு விதம். என் அக்கா பத்தொன்பது வருடமாக இரண்டாவது விதத்தில்தான் வெட்டுகிறாள். மூன்று மாத்திரை போதும் என்று வருபவருக்கு மூன்றைக் கத்தரித்து, காகித உறையில் போட்டு, உறையின் மேல் காலாவதித் தேதியைப் பேனாவால் எழுதி, வாயாலும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் கொடுப்பாள். அதனால் அவள் நிற்கும் மருந்துக்கடையில் கூட்டம் எப்போதும் கொஞ்சம் மெதுவாகவே நகரும்.

தெருவில் அவளுக்குத் ‘தேதியக்கா’ என்று பெயர். வைத்தவர் எதிர்க்கடை சலூன்காரர். “இவங்ககிட்ட கல்யாணப் பத்திரிகை குடுத்துப் பாருங்க. மாப்பிள்ளை பேரைப் படிக்கமாட்டாங்க. எந்த மாசம் வரைக்கும் செல்லும்னு திருப்பிப் பார்ப்பாங்க” என்பார்.

“உங்க கடை ஷேவிங் கிரீமைத் திருப்பிப் பார்த்தேன். அதைப் பத்தி வெளியில சொல்லட்டுமா?” என்பாள் அக்கா. அவர் உள்ளே போய்விடுவார்.

கவுண்டருக்குக் கீழே சிவப்பு மூடி போட்ட ஒரு டப்பா உண்டு. எக்ஸ்பைரி டப்பா. மாதாமாதம் இருபத்தைந்தாம் தேதி அலமாரிகளை இறக்கிப் பார்த்து, நாள் கடந்த சரக்கை அதில் போடுவாள். ஒருமுறை சப்ளைக்கு வந்த ஆள், பழைய தேதியின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டிய இருமல் மருந்துப் பாட்டில்களைத் தள்ளிவிடப் பார்த்தார். அக்கா நகத்தால் ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்து, அவருடைய சட்டைப் பையின் மேல் அழுத்தி ஒட்டினாள். “போங்க சார். இப்ப நீங்களும் ரெண்டு வருஷம் புதுசு.”

இப்படிப்பட்டவளின் பெயரிலேயே ஒருவன் ஸ்டிக்கர் ஒட்டினான். அதற்குப் பசை எடுத்துக் கொடுத்தவன் நான்.

கடை முதலாளிக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தார். ஊரெங்கும் ஒரே மாதிரிப் பச்சைப் போர்டு வைத்து மருந்துக்கடை நடத்தும் ஒரு கம்பெனி, கடையைக் கேட்டது. முதலாளி அக்காவைக் கூப்பிட்டார்.

“உனக்குன்னா விலையைக் குறைச்சுக்கறேன்மா. பார்மஸி டிப்ளமா வெச்சிருக்கே, லைசென்ஸ் உன் பேருக்கே வாங்கலாம். ஆனா அடுத்த மாசக் கடைசிக்குள்ள பணம் வேணும். அவங்க செக்கோட நிக்கறாங்க. முடியலைன்னாலும் கவலைப்படாதே, உன்னையும் எடுத்துக்கச் சொல்றேன்.”

“என்னையும்னா? அலமாரியோட சேர்த்தா?” என்றாள் அக்கா.

மறுநாளே வங்கிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான், பி.காம். கிராமத்திலிருந்து வந்து, அக்கா வீட்டு ஹாலில் படுத்துப் படித்துத்தான் அந்தப் பட்டத்தை வாங்கினேன். பட்டம் வாங்கிய படம் இன்றும் அந்த ஹாலில்தான் மாட்டியிருக்கிறது. வங்கி, பத்திரம், விண்ணப்பம் என்று எது வந்தாலும் “தம்பி இருக்கான்” என்பார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

கடன் பிரிவில் இருந்த அம்மா பொறுமையானவர். தாள்களை எல்லாம் புரட்டிவிட்டுக் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

“வருமானம் சரியா இருக்கு. முதலாளி லெட்டர் சரியா இருக்கு. கடன் அறிக்கையில இந்த ஒரு வரிதான் இடிக்குது. ரெண்டு வருஷம் முன்னாடி தவணை தவறினதா காட்டுது. பாக்கி ஒரு லட்சத்து நாற்பதாயிரம். இந்த மாதிரி வரி ஏழு வருஷம் தாண்டினா தானா விழுந்துடும். இது ரெண்டு வருஷம்தான் ஆகுது. இது இருக்கற வரைக்கும் நான் கையெழுத்துப் போட்டாலும் மேல திருப்பி அனுப்பிடுவாங்க.”

வீட்டுக்கு வந்து அறிக்கையைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தோம். நான் தொகையைப் பார்த்தேன். மாமா கம்பெனியின் பெயரைப் பார்த்தார். அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராகத் தேதிக்குப் போனாள்.

“கடைசியா பணம் கட்டின தேதி, ரெண்டு வருஷம் முன்னாடி மார்ச் பதினொண்ணு. நான் எவனுக்கும் கட்டலையே!” மாமாவைப் பார்த்தாள். “நீங்க கட்டினீங்களா?”

மாமா ஸ்கூல் வேன் ஓட்டுபவர். சத்தம் போடாத மனிதர். “என் பாக்கெட்ல என்ன இருக்குன்னு என்னைவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும்” என்றார்.

அதன் பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தக் கடன் பதினோரு வருடத்துக்கு முன் வாங்கியது. மாமா அப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மெஷின் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் அக்கா பெயரில் அறுபதாயிரம் எடுத்தார்கள். மாதம் இரண்டாயிரத்து இருநூறு, முப்பத்தாறு தவணை. இருபத்தாறு தவணையை அக்கா நேரில் போய்க் கட்டி, ரசீது வாங்கி வந்தாள். பிறகு மெஷின் படுத்துவிட்டது. மீதியை அக்கா எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வாள்: “இருபத்தேழாவது மாசம் என்கிட்ட காசு இல்ல. இருபத்தெட்டாவது மாசம் காசு இருந்துச்சு, ஆபீஸ் இல்ல.” பணத்தோடு போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. அடுத்த மாதம் அங்கே செருப்புக்கடை.

அந்த நிறுவனம் பழைய கடன்களை மொத்தமாக விற்றுவிட்டுப் போயிருந்தது. வாங்கியவன் இன்னொருவனுக்கு விற்றான். மூன்றாவது கைதான் போனில் வந்தது. கடன் வாங்கியபோது ஜாமீனுக்காக அப்பாவின் செல் நம்பரைக் கொடுத்திருந்தாள் அக்கா. வேலைக்குச் சேர்ந்தபோது அந்த நம்பரை நான்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு மதியம் அழைப்பு வந்தது.

“உங்க அக்கா நிக்கற கடைக்கே நாளைக்கு ஆள் அனுப்பலாம்னு இருக்கோம் சார். கஸ்டமர் முன்னாடி அசிங்கமா இருக்கும். சும்மா ஒரு ஐந்நூறு போட்டுவிடுங்க, ஃபைலை மூடிடறோம்.”

போட்டுவிட்டேன். ஐந்நூறில் ஒருவன் வாயை அடைத்துவிட்டேன், அக்கா காது வரைக்கும்கூடப் போகவில்லை என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

இத்தனைக்கும் வணிகச் சட்டத் தாளில் எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கியவன் நான். நம் நாட்டுச் சட்டப்படி மூன்று வருடக் கெடு தாண்டிய கடனுக்கு வழக்குப் போட முடியாது. வாங்கியவர் கெடுவுக்குள் ஒரு பகுதியைக் கட்டினாலோ, கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டாலோ மட்டும் அன்றிலிருந்து மறுபடி எண்ணலாம். தேர்வில் இதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். என் ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு அவர்கள் அக்காவின் பழைய கடனுக்குப் புதுத் தேதி போட்டிருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பே தானாக விழுந்திருக்க வேண்டிய வரி, அன்றைக்குப் பிறந்ததுபோல் நின்றது.

நான் சொல்லி முடித்ததும் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“என் கடனை என்னைக் கேக்காம கட்ட நீ யாருடா?”

“கடைக்கு வந்து உன்னை அசிங்கப்படுத்திடுவாங்கன்னு...”

“வந்திருந்தா அசிங்கம் அவனுக்கு. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான் நிக்கறேன்.”

மாமா மெதுவாக ஆரம்பித்தார். “எப்படியோ போகட்டும். கொஞ்சம் பேரம் பேசிக் கட்டித் தொலைச்சிடலாமே. வாங்கினது உண்மைதானே?”

“உண்மை. பத்துத் தவணை பாக்கி, இருபத்திரண்டாயிரம், அதுவும் உண்மை. அந்த ஆபீஸ்காரன் வந்து கதவைத் தட்டியிருந்தா குடுத்திருப்பேன். இவன் யாரு? எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தவன் கூட இல்ல. நாலணாவுக்கு என் பேரை வாங்கிட்டு, தேதியை மாத்தி, என் கடையைப் பிடுங்கறான். இவனுக்கு ஒரு காசு கிடையாது.”

எழுந்து போய்ப் பரணிலிருந்து ஓர் இருமல் மருந்து அட்டைப்பெட்டியை இறக்கினாள். உள்ளே இருபத்தாறு ரசீதுகளும் ரப்பர் பேண்டு போட்டு, தேதி வரிசையில் இருந்தன. கடைசி ரசீதுக்கு ஒன்பது வயது.

இரண்டு நாள் கழித்து அவர்கள் ஆளே அக்காவுக்குப் போன் செய்தான். அக்கா அவனுக்கு ‘ஐந்நூறு’ என்று பெயர் வைத்தாள். கவுண்டரில் போனை வைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஊசி மருந்துகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“மேடம், வாங்கின கடனைக் கட்டாம எப்படி மேடம் தூக்கம் வருது?”

“தூக்கம் வரலைன்னா டாக்டர் சீட்டோட வாங்க தம்பி. சீட்டு இல்லாம குடுக்கறதில்ல.”

“விளையாடாதீங்க. ஒரு ஆயிரமாவது போடுங்க.”

“போன தடவை ஐந்நூறு, இந்தத் தடவை ஆயிரமா? உங்க ஆபீஸ் எங்க இருக்கு? நேர்லயே வர்றேன்.”

அவன் விலாசத்தைத் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். நேரில் வருகிறேன் என்று இதுவரை யாரும் அவனிடம் சொன்னதில்லை போலிருக்கிறது.

ஆபீஸ் ஒரு பேக்கரிக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. படியெல்லாம் ரொட்டி வாசனை. உள்ளே முப்பது பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முப்பது பேரை மிரட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி அறையில் டை கட்டிய மேலாளர் எங்களை உட்காரச் சொன்னார். ஏற்கெனவே ஒரு படிவம் அச்சிட்டுத் தயாராக இருந்தது.

“ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இருக்கு மேடம். நேர்ல வந்துட்டீங்க, உங்களுக்காக முப்பத்தஞ்சுல முடிச்சுத் தர்றேன். இதுல கையெழுத்துப் போடுங்க. ரிப்போர்ட்ல ‘செட்டில்டு’ன்னு வந்துடும்.”

எனக்குச் சபலம் தட்டியது. எங்கள் பேச்சில் செட்டில் நல்ல வார்த்தை. வேலை கிடைத்து, வீடு பார்த்து, குடும்பமாகி உட்கார்ந்தவனைத்தான் ‘செட்டில் ஆயிட்டான்’ என்போம். அக்கா பேனாவைத் தொடவில்லை.

“செட்டில்டு, க்ளோஸ்டு ரெண்டும் ஒண்ணா சார்?”

“ரெண்டும் ஒண்ணுதான் மேடம்.”

“அப்ப க்ளோஸ்டுன்னே போட்டுடுங்களேன்.”

“அது... முழுசாக் கட்டினவங்களுக்கு.”

“அப்ப ரெண்டும் ஒண்ணு இல்ல.” படிவத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். “பேரம் பேசி முடிச்சவள்னு என் பேர் மேல எழுதுவீங்க. பேங்க்ல பார்த்துட்டு உதட்டைப் பிதுக்குவாங்க. அதுக்கு நான் முப்பத்தஞ்சாயிரம் குடுக்கணும்!”

மேலாளரின் குரலில் இருந்த ‘உங்களுக்காக’ மறைந்தது. “இதோ பாருங்க, ரெண்டு வருஷம் முன்னாடி நீங்களே பணம் கட்டியிருக்கீங்க. கட்டினா ஒப்புக்கிட்ட மாதிரி. இனி நீங்க தப்பிக்க முடியாது.”

“நான் கட்டினேனா? காட்டுங்க.”

கோபத்தில் அவர் கணக்கு விவரத்தை அச்சிட்டு மேஜையில் போட்டார். அக்காவின் விரல் வரிவரியாக இறங்கி ஓர் இடத்தில் நின்றது. பணம் அனுப்பியவர் என்ற இடத்தில் என் பெயரும் என் நம்பரும் இருந்தன.

“இது யாரு சார்?”

“உங்க ஃபேமிலிதானே மேடம்.”

“இவன்தான். பக்கத்துலயே உக்கார்ந்திருக்கான். டேய், நான் கட்டச் சொன்னேனா?”

“இல்லக்கா.”

“எனக்குத் தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

“சத்தமாச் சொல்லு. சாருக்கு டை இறுக்கமா இருக்கு, காது அடைச்சிருக்கும்.”

“தெரியாதுக்கா!” என்றேன். கண்ணாடி அறைக்கு வெளியே இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா கைப்பையிலிருந்து இரண்டு பொருட்களை எடுத்தாள். ஒன்று, பாதி வெட்டிய தலைவலி மாத்திரைப் பட்டை. இன்னொன்று, இருபத்தாறாவது ரசீதின் நகல்.

“இதை இந்தப் பக்கத்துலேர்ந்து வெட்டிட்டே வந்தா தேதி என்கிட்ட நிக்கும். அந்தப் பக்கத்துலேர்ந்து வெட்டினா, மிச்சம் இருக்கறது எந்த வருஷத்துதுன்னு செஞ்சவனுக்கே தெரியாது. என் கடனை மூணு கை மாத்தி வித்திருக்காங்க. உங்க கைக்கு வந்தது தேதி இல்லாத துண்டு. நீங்களா ஒரு தேதி எழுதிக்கிட்டீங்க.” ரசீதைத் தட்டினாள். “தேதி இருக்கற பக்கம் என்கிட்ட இருக்கு. இதுக்குக் கெடு முடிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. இவன் ஐந்நூறு போட்டது அதுக்கும் நாலு வருஷம் கழிச்சு. செத்த மாத்திரைக்கு ஸ்டிக்கர் ஒட்டினா உயிர் வந்துடாது.”

“கோர்ட்டுக்குப் போனா உங்களுக்குத்தான் கேவலம்.”

“போங்க. தேதியைச் சொல்லுங்க, கடைக்கு லீவு சொல்லிட்டு வர்றேன்.”

கணக்கு விவரத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். மேலாளர் அதைத் திருப்பிக் கேட்க நினைத்துக் கையை நீட்டினார். அக்கா பார்த்த பார்வையில், நீட்டிய கை தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டது.

வங்கிகளுக்குக் கடன் அறிக்கை தரும் நிறுவனத்துக்கு ஆட்சேபக் கடிதம் எழுதும் வேலை எனக்கு. நான்கு பக்கம் எழுதினேன். ‘நீதியின் பேரால்’ என்று முடித்திருந்தேன். அக்கா படித்துவிட்டு எட்டு வரி வைத்துக்கொண்டாள்: கடைசியாக நான் கட்டிய தேதி இது, ரசீது இணைப்பு. உங்கள் தாளில் இருக்கும் தேதியில் கட்டியது நான் இல்லை, அவர்கள் அச்சிட்டுக் கொடுத்த விவரமே இணைப்பு. ஏழு வருடம் தாண்டிவிட்டது, வரியை எடுங்கள்.

மூன்றாவது இணைப்பு என் வாக்குமூலம். அக்காவைக் கேட்காமல் நானாகக் கட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“பட்டத்தையும் போடு.”

“அது எதுக்குக்கா?”

“படிச்சவன் பண்ண தப்புன்னு தெரியட்டும். அவங்க சுளுவா நம்புவாங்க.”

பெயருக்குப் பின்னால் பி.காம். என்று எழுதினேன். கல்யாணப் பத்திரிகையில் போட நினைத்திருந்த எழுத்து அது.

இருபது நாளில் பதில் வந்தது. ‘சரிபார்க்கப்பட்டது. மாற்றம் இல்லை.’ மாதக் கடைசிக்குப் பத்தொன்பது நாள் பாக்கி. பச்சைப் போர்டுக்காரர்கள் கடைக்குள் வந்து டேப் வைத்து அலமாரியை அளந்துவிட்டுப் போனார்கள். முதலாளி பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டார். மாமா தன் வேன் சீட்டுக்கு அடியில் வைத்திருந்த சேமிப்பை எண்ணி, “முப்பத்தஞ்சு தேத்திடலாம்” என்றார்.

“தேத்துங்க. கடைக்கு ஃப்ரிட்ஜ் வாங்கணும்” என்றாள் அக்கா. பதில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “யாரு சரிபார்த்தாங்க? அவன்கிட்டயே கேட்டிருக்காங்க. அவன் ஆமான்னு சொல்லியிருக்கான். ஸ்டிக்கர் ஒட்டினவன்கிட்டயே தேதி கேட்டா?”

அன்றைக்கே இரண்டாவது கடிதம் போனது. அதே எட்டு வரி, ஒன்பதாவதாக ஒரு வரி கூடுதல்: நீங்கள் எந்த ஆவணத்தைப் பார்த்துச் சரிபார்த்தீர்கள், அதன் நகல் வேண்டும். இந்த நிறுவனங்களை எல்லாம் மேற்பார்வை பார்க்கும் அரசு அலுவலகத்துக்கும் ஒரு நகல். அங்கே அக்கா நேரில் போய்க் கொடுத்தாள். வாங்கிய குமாஸ்தா முத்திரை மட்டும் குத்தினார். “தேதியும் போடுங்க” என்று நின்றாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. போட்டார்.

இருபத்தேழாம் தேதி புது அறிக்கை வந்தது. கடையில் கூட்டம். அக்கா எனக்குப் போன் செய்து, திறந்து படிக்கச் சொன்னாள். நான் மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். அந்த வரி இல்லை.

“என்னடா, மூச்சைக் காணோம்?”

“இல்லக்கா.”

“எது இல்ல?”

“வரி இல்லக்கா!”

“ம்” என்றாள். பிறகு போனை வைக்காமலேயே யாருக்கோ சொல்வது கேட்டது: “மூணு மாத்திரை, சாப்பாட்டுக்கு அப்புறம். அடுத்த வருஷம் ஆகஸ்ட் வரைக்கும் செல்லும்.”

வங்கி அம்மா கோப்பை மூடாமல் வைத்திருந்தார். இருபத்தொன்பதாம் தேதி மாலை அனுமதிக் கடிதம் முதலாளியின் மேஜைக்கு வந்தது.

“ஒரே ஒரு நாள் பாக்கியில கொண்டாந்திருக்கியேம்மா!”

“ஒரு நாள் இருக்கில்ல? எக்ஸ்பைரி ஆகலையே” என்றாள்.

லைசென்ஸ் அவள் பெயருக்கு மாறிய முதல் நாள் நான் கடைக்குப் போயிருந்தேன். போர்டு மாறவில்லை, கவுண்டர் கண்ணாடி மட்டும் புதிது. கடைப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அந்த ‘ஐந்நூறு’ ஆளின் குரல்: “அந்த மேடம் இருக்காங்களா? ஒரு சின்ன அமௌண்ட் விஷயமா...”

“முதலாளி பேசறேன்” என்றாள் அக்கா. “என்ன மருந்து வேணும்?”

லைன் அறுந்தது. சலூன்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து கை தட்டினார்.

அக்கா கல்லாவைத் திறந்து ஐந்நூறு எடுத்து என் முன்னால் வைத்தாள். வேண்டாம் என்றேன். “பிடி. உன்னை வாக்குமூலம் எழுத வெச்சதுக்குக் கூலின்னு நினைச்சுக்க. ஆனா ரசீது வேணும்.”

ரசீதுப் புத்தகத்தில் எழுதினேன்: அக்காவிடமிருந்து ஐந்நூறு பெற்றுக்கொண்டேன், இனிப் பாக்கி ஏதும் இல்லை. கையெழுத்தும் போட்டேன். பி.காம். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். தாளை என்னிடமே திருப்பித் தள்ளினாள்.

“தேதி எங்கடா?”